உங்கள் வண்டிக்கு எந்தப் பெட்ரோல்? டெல்டாவில் வண்டி ஓட்டுவோருக்கு ஓர் ஆக்டேன் வழிகாட்டி

என் அக்கா மகன் முதல் வண்டி எடுத்த அன்று மன்னார்குடி ஷோரூமிலிருந்து வெளியே வந்து, நீடாமங்கலம் போகும் வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்திக்கொண்டு எனக்குப் போன் போட்டான். "மாமா, இங்க ரெண்டு குழாய் இருக்கு. ஒண்ணு சாதா, இன்னொண்ணுல 95னு போட்டிருக்கு. புது வண்டிதானே, நல்லதையே போட்டுடவா?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. முதல் வண்டி வாங்கும் எல்லாருக்கும் வருவதுதான். ஆனால் "நல்லது" என்ற அந்த ஒரு சொல்லில்தான் குழப்பம் முழுவதும் இருக்கிறது. ஆடுதுறை 36 நல்ல ரகமா, சி.ஆர். 1009 நல்ல ரகமா என்று நம் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. எந்தப் பட்டத்துக்கு என்றுதான் கேட்போம். குறுவைக்கு நூற்றுப்பத்து நாளில் அறுவடைக்கு வருகிற ரகம் வேண்டும். சம்பாவுக்கு ஐந்து மாதம் நின்று விளைகிற ரகம் பொருந்தும். 95, 100 என்ற எண்களும் அப்படித்தான். அவை தரத்தின் மதிப்பெண் இல்லை, எந்த இன்ஜினுக்குப் பொருந்தும் என்று சொல்லும் எண்.

அன்று போனில் அவனுக்குச் சொன்னதையும், அப்புறம் நேரில் உட்கார்ந்து விளக்கியதையும் இங்கே எழுதுகிறேன்.

ஆக்டேன் என்றால் என்ன

சைக்கிளுக்குக் காற்றடித்திருப்பீர்கள். பத்துப் பதினைந்து அடி அடித்ததும் பம்பின் அடிப்பக்கம் கையைச் சுடும். காற்றை அழுத்தினால் அது சூடாகும். உங்கள் வண்டியின் பிஸ்டனும் அதே வேலையைத்தான் செய்கிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவியைப் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்குகிறது. அந்த நேரத்தில் பிளக் ஒரு பொறி விட வேண்டும், பொறியிலிருந்து தீ ஒரு பக்கமாகத் தொடங்கி மறுபக்கம் வரை சீராகப் பரவ வேண்டும். வைக்கோலில் ஒரு முனையில் வைத்த நெருப்பு வரிசையாகப் பிடித்துக்கொண்டு போவதைப் போல.

சில நேரம் அந்தத் தீ வந்து சேருவதற்குள், மூலையில் அமுங்கிக் கிடக்கும் மிச்ச ஆவி சூடு தாங்காமல் தானாகவே பற்றிக்கொள்ளும். அப்போது சீரான எரிதலுக்குப் பதில் சட்டென்று ஒரு வெடிப்பு, ஓர் அழுத்த அலை. உள்ளே யாரோ சிறு சுத்தியலால் தட்டுவதுபோல் கிணுகிணுவென்று சத்தம் கேட்கும். மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். எப்போதாவது இரண்டு தட்டு தட்டினால் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் தொடர்ந்தால் பிஸ்டனின் தலை அரிக்கும், ரிங் உடையும், ஹெட் கேஸ்கெட் போகும்.

இப்படித் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு அழுத்தத்தை ஒரு பெட்ரோல் தாங்கும் என்பதுதான் ஆக்டேன் எண். ஐசோ ஆக்டேன் என்ற திரவம் நன்றாகத் தாங்கும், அதற்கு 100 என்று வைத்தார்கள். ஹெப்டேன் தாங்கவே தாங்காது, அதற்கு 0. ஒரு பெட்ரோல் 91 என்றால், சோதனை இன்ஜினில் அது 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவையைப் போல நடந்துகொள்கிறது என்று பொருள். அவ்வளவுதான். அந்த எண் பெட்ரோலின் பொறுமையைச் சொல்கிறது. அதில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை.

பழைய ஆட்களுக்கு இதை விளக்குவது இன்னும் சுலபம். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய சின்னப் பம்புசெட்டுகள் நம் வாய்க்கால் கரைகளில் நிறைய இருந்தன. மண்ணெண்ணெயின் ஆக்டேன் மிகக் குறைவு. அந்த இன்ஜின்களை வேண்டுமென்றே குறைந்த அழுத்தம் உள்ளவையாகச் செய்ததால் அவை அதிலும் ஓடின. அதே மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலை இன்றைய பைக்கில் ஊற்றினால் கிணுகிணுவென்று அடித்துக்கொள்ளும். எண்ணெய் ஒன்றுதான், இன்ஜின் வேறு.

முதலில் கையேட்டைத் திறங்கள்

வண்டியோடு ஒரு சின்னப் புத்தகம் தருவார்கள். பெரும்பாலான வீடுகளில் அது ஆர்சி, இன்சூரன்ஸ் காகிதங்களோடு பீரோவில் கிடக்கும். அதை எடுத்து, எரிபொருள் என்ற பகுதியையோ கடைசியில் வரும் விவரக்குறிப்புப் பட்டியலையோ பாருங்கள். ஆக்டேன் எண் குறைந்தது இத்தனை இருக்க வேண்டும் என்று அங்கே போட்டிருக்கும். அன்றாடம் ஓடுகிற 100, 110, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 91 போதும். என் மருமகன் வண்டிக்கும் அதுதான் இருந்தது. 95 என்று போட்டிருந்தால் 95-க்குக் கீழே போகாதீர்கள்.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். இன்ஜினை வடிவமைத்தவர்களே சோதித்துப் பார்த்துச் சொன்ன எண் அது. நண்பர்கள் சொல்வது, பங்கில் சொல்வது, நான் சொல்வது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கையேடு தொலைந்துவிட்டால் கவலை வேண்டாம். பல நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் மாடல் வாரியாகக் கையேடு வைத்திருக்கின்றன. டேங்க் மூடியருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் பாருங்கள். இ20 என்று இருந்தால் 20 சதவீதம் எத்தனால் என்ற ஆல்கஹால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற வண்டி என்று பொருள்.

இன்னொன்று. காணொளிகளில் அமெரிக்கர்கள் 87, 89, 93 என்று பேசுவதைக் கேட்டு, "அங்கே 87 போடுகிறார்கள், நமக்கு 91 இருக்கிறதே" என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் இரண்டு விதச் சோதனை எண்களின் சராசரியைப் போடுகிறார்கள். நம் நாட்டில் போடுவது ஆராய்ச்சி ஆக்டேன் எண், அதாவது ஆர்ஓஎன். அவர்களுடைய 87 ஏறக்குறைய நம்முடைய 91.

அழுத்த விகிதத்தைப் பாருங்கள்

கையேட்டில் இருக்கும் எண்ணுக்குக் காரணம் புரிய வேண்டும் என்றால், அதே பட்டியலில் கம்ப்ரஷன் ரேஷியோ என்ற வரியைத் தேடுங்கள். பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள இடத்துக்கும், மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடத்துக்கும் உள்ள விகிதம் அது. நம் தெருவில் வீட்டுக்கு வீடு நிற்கிற ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸுக்கு 9.9-க்கு 1. புதிய கிளாசிக் 350-க்கு 9.5. அதற்கு முந்தைய கிளாசிக் 350-க்கு 8.5. யமஹா ஆர்15-க்கு 11.6. கேடிஎம் டியூக் 390 போன்ற வண்டிகள் 12-ஐத் தாண்டிவிடும்.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? புல்லட் குடும்பத்து வண்டி பெரியது, விலை அதிகம், சத்தமும் அதிகம். ஆனால் அழுத்தம் ஸ்ப்ளெண்டரை விடக் குறைவு. "பெரிய வண்டி, அதனால் பெரிய நம்பர் பெட்ரோல்" என்று கிளாசிக்குக்கு 100 ஆக்டேன் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பணம் வீண். வண்டியின் அளவுக்கும் ஆக்டேனுக்கும் சம்பந்தம் இல்லை, அழுத்தத்துக்குத்தான் சம்பந்தம்.

தோராயமாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். 10.5 வரை இருந்தால் சாதாரணப் பெட்ரோல் தாராளம். 11-ஐத் தாண்டினால் கையேட்டைக் கவனமாகப் படியுங்கள், 95 கேட்டிருக்கலாம். 12-க்கு மேல் இருந்தால் 95 போடுவதில் தயங்க வேண்டாம். தண்ணீரால் குளிர்விக்கப்படும் இன்ஜின், எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர் வழியே பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) போன்றவை இருந்தால் அதிக அழுத்தத்திலும் 91 போதும் என்று சில நிறுவனங்கள் சொல்லியிருக்கும். அதனால்தான் இந்தக் கணக்கை இரண்டாவதாக வைத்தேன், கையேட்டை முதலில் வைத்தேன்.

அதிக ஆக்டேன் போட்டால் வண்டி வேகமாகப் போகுமா என்ற கேள்வி எப்போதும் வரும். நாக்கிங் வருகிறதா என்று கேட்டறிந்து பொறி விடும் நேரத்தைத் தானே மாற்றிக்கொள்கிற சென்சார் உள்ள வண்டிகளில் சிறிது வித்தியாசம் கிடைக்கலாம். நம் ஊரில் ஓடும் சின்ன வண்டிகளில் பெரும்பாலானவற்றில் அந்தச் சென்சார் கிடையாது. 91-க்கு அமைத்த நேரத்திலேயேதான் 100 ஊற்றினாலும் பொறி விழும். கூடுதலாகக் கிடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

பங்கில் என்ன எழுதியிருக்கிறது

இந்தியன் ஆயிலில் எக்ஸ்பி95, எக்ஸ்பி100. இந்துஸ்தான் பெட்ரோலியத்தில் பவர் என்று தொடங்கும் பெயர்கள். பாரத் பெட்ரோலியத்தில் ஸ்பீடு. பெயரைப் பார்க்காதீர்கள், கூட உள்ள எண்ணைப் பாருங்கள். எண்ணே இல்லாமல் பெயர் மட்டும் இருந்தால் கேளுங்கள். ஏனென்றால் பிரீமியம் என்று விற்கும் பெட்ரோலில் இரண்டு விஷயம் இருக்கலாம். ஒன்று அதிக ஆக்டேன், இன்னொன்று இன்ஜெக்டர், வால்வில் அழுக்குப் படியாமல் வைக்கும் மருந்து. மருந்து மட்டும் சேர்த்ததை ஆக்டேன் என்று நினைத்து வாங்கிவிடக் கூடாது.

100 ஆக்டேன் பெட்ரோலை இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் கொண்டுவந்தது. விலை சாதாரணப் பெட்ரோலைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. டெல்டாவின் சின்ன ஊர்களில் அதைத் தேடி அலைய வேண்டாம், அது வேண்டிய வண்டிகளும் இங்கே மிகக் குறைவு.

இப்போது முக்கியமான செய்தி. சாதாரணப் பெட்ரோலே மாறிவிட்டது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது சாதாரணப் பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 91 என்று இருந்தது. 2022-ல் நாடு முழுக்கப் பத்து சதவீத எத்தனால் கலப்பை எட்டினார்கள். 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்த பெட்ரோலை அறிமுகப்படுத்தி, 2025-க்குள் அதையே எங்கும் கொண்டுவந்துவிட்டார்கள். எத்தனாலின் ஆக்டேன் 108 அளவுக்கு இருப்பதால், இந்தக் கலவையின் ஆக்டேன் 95 என்று அரசே சொல்கிறது. ஆக, சாதாரணக் குழாயில் வருவதே பழைய 91-ஐ விடப் பொறுமையானது. 91 கேட்கிற வண்டிக்கு 95 வாங்கப் பணம் கூடுதலாகத் தர வேண்டிய அவசியம் முன்பும் இல்லை, இப்போது சுத்தமாக இல்லை. ஆனால் சாதாக் குழாயில் எண் போட்டிருக்காது என்பதால், 95 கேட்கிற வண்டிக்கு 95 என்று எண் போட்டதையே போடுங்கள்.

அப்படியானால் மைலேஜ் ஏன் குறைகிறது என்று கேட்பீர்கள். கரும்பிலிருந்தும் அரிசியிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் எடுக்கும் எத்தனாலில், அதே அளவு பெட்ரோலில் இருப்பதை விட மூன்றில் ஒரு பங்கு வெப்பம் குறைவு. எத்தனாலுக்கு என்று செய்யப்படாமல், பத்து சதவீதக் கலவைக்குச் சரிசெய்யப்பட்ட இருசக்கர வண்டிகளில் 20 சதவீதம் போட்டால் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. ஆக்டேன் கூடியிருக்கிறது, மைலேஜ் குறைந்திருக்கிறது. ஆக்டேன் வேறு, சக்தி வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

காது கொடுத்துக் கேளுங்கள்

சரி, எண் பொருத்தமானதையே போடுகிறீர்கள். ஆனாலும் கிணுகிணு சத்தம் வருகிறது. என்ன செய்வது?

டெல்டாவில் மலை இல்லை. தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் வரை போனாலும் ஏற்றம் என்று சொல்ல ரயில்வே மேம்பாலங்களும் ஆற்றுப் பாலங்களும்தான். ஏற்றத்தில் திணறும்போதுதான் நாக்கிங் அதிகம் வரும் என்பதால், நமக்கு அந்தத் தொல்லை குறைவாக இருக்க வேண்டும். ஆனால் நம்மிடம் வேறு ஒரு வழக்கம் இருக்கிறது. பின்னால் ஓர் உர மூட்டை, முன்னால் ஒரு பை, வாய்க்கால் கரையில் இருபது கிலோமீட்டர் வேகம், வண்டி டாப் கியரில். பெட்ரோல் மிச்சம் என்று நினைத்துச் செய்கிறோம். குறைந்த சுழற்சியில் ஆக்சிலேட்டரை முறுக்கும்போது இன்ஜின் மூச்சு முட்டும், ஆவிக்குத் தானாகப் பற்றிக்கொள்ள நிறைய நேரம் கிடைக்கும். நான் கேட்ட நாக்கிங்கில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான். அதற்கு மருந்து 95 இல்லை, ஒரு கியர் குறைப்பது.

அதனால் இந்த வரிசையில் பாருங்கள். சத்தம் வந்ததும் ஒரு கியர் குறையுங்கள். நின்றுவிட்டால் பிரச்சினை ஓட்டும் முறையில்தான். நிற்கவில்லை என்றால் ஏர் பில்டரைப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல்லையும் உளுந்தையும் காயப்போட்டுத் தூற்றும் ஊர்களில் ஓட்டும் வண்டிகளின் பில்டர், கையேடு சொல்லும் காலத்துக்கு முன்பே அடைத்துவிடும். அப்புறம் பிளக். கையேட்டில் சொன்ன எண்ணுள்ள பிளக்தானா என்று பாருங்கள், வேறு வெப்ப அளவுள்ள பிளக் போட்டாலும் சத்தம் வரும். ஐம்பது அறுபதாயிரம் ஓடிய வண்டி என்றால் பிஸ்டன் மேல் கரி படிந்திருக்கும். கரி இடத்தை அடைத்துக்கொள்வதால் அழுத்தம் கூடும், அந்தக் கரியே கங்குபோல் சூடாகி ஆவியைப் பற்றவைக்கவும் செய்யும். ஹெட்டைக் கழற்றிக் கரி எடுத்த பிறகு பல வண்டிகளில் சத்தம் அடங்கிவிடும்.

கத்திரி வெயிலில் மட்டும் சத்தம் வந்து, மழை பெய்தால் போய்விடுகிறது என்றால் அதுவும் இயல்புதான். உள்ளே போகிற காற்று சூடாக இருந்தால் நாக்கிங் எளிதில் வரும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் வந்தால், அப்போது ஆக்டேனை மாற்றிப் பாருங்கள். டேங்க் ரிசர்வுக்கு வரும்வரை ஓட்டுங்கள். 95 என்று எண் போட்ட பெட்ரோலை இரண்டு லிட்டர் போடுங்கள். பழையதும் புதியதும் கலந்து ஓடட்டும் என்று பத்துக் கிலோமீட்டர் போன பிறகு, அதே பாலம், அதே பாரம், அதே கியர், முடிந்தால் அதே நேரம். சத்தம் குறைந்தால் உங்கள் வண்டிக்கு அது உதவுகிறது, தொடருங்கள். வித்தியாசமே இல்லை என்றால் சாதாரணத்துக்குத் திரும்பிவிட்டு மெக்கானிக்கிடம் டைமிங்கை, அதாவது பொறி விடும் நேரத்தை, பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு ரகம் கலந்தால் கெடுமோ என்ற பயம் வேண்டாம். 91-ம் 95-ம் கலந்தால் இடையில் ஓர் எண் வரும், அவ்வளவுதான்.

டேங்கில் ஊற்ற ஆக்டேன் பூஸ்டர் என்று சிறு குப்பிகள் விற்கிறார்கள். சாதாரண வண்டிக்கு நான் அவற்றைச் சொல்ல மாட்டேன்.

பழைய வண்டிகள்

ஆர்எக்ஸ்100, பழைய புல்லட், டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல் சூப்பர். நம் பகுதியில் இவற்றைக் குடும்பத்தில் ஒருவரைப்போல் வைத்திருக்கிறார்கள். எக்ஸ்எல்லில் நெல் மூட்டை ஏற்றிப் போவதைப் பார்க்காத டெல்டாக் கிராமம் கிடையாது. இந்த வண்டிகளின் அழுத்தம் குறைவு, ஆக்டேன் இவற்றுக்குப் பிரச்சினையே இல்லை. டூ ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோலோடு சேர்ந்து போகும் 2டி ஆயில் சரியான அளவில் போகிறதா என்பதுதான் கேள்வி. அதில் குறைத்தால் எந்தப் பெட்ரோலும் காப்பாற்றாது.

ஆனால் எத்தனால் விஷயத்தில் இவை பாவப்பட்டவை. இவற்றின் பெட்ரோல் டியூப், கார்புரேட்டரில் உள்ள ரப்பர் வளையங்கள் எல்லாம் எத்தனால் வராத காலத்தில் செய்யப்பட்டவை. சில ரப்பர் ஊறிப் பெருக்கும், சில விறைத்து வெடிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை டியூபை மடக்கிப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் எத்தனாலைத் தாங்கும் புது டியூப் மாற்றுங்கள். நூறு ரூபாய்ச் செலவில் முடிகிற வேலை. விட்டுவிட்டால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டும்.

டெல்டாவின் உண்மையான எதிரி தண்ணீர்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். ஆக்டேனைப் பற்றிக் கவலைப்படுவோர் பலர் இதைக் கவனிப்பதில்லை, எனக்கு நேர்ந்ததும் இதுதான்.

ஒரு கார்த்திகை மாதம். நான்கு நாள் விடாத மழை, வயலும் சாலையும் ஒன்றாகத் தெரிந்தன. ஐந்தாம் நாள் மழை விட்டதும் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குக் கிளம்பினேன். வழியில் ஒரு பங்கில் மூன்று லிட்டர் போட்டேன். அந்த இடத்தில் முந்தைய நாள் வரை முழங்கால் அளவு தண்ணீர் நின்றதற்கான சேற்றுக் கோடு சுவரில் தெரிந்தது. அதைப் பார்த்தும் யோசிக்கவில்லை. இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் வண்டி இருமியது, இழுத்தது, நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் டேங்கிலிருந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். மேலே பெட்ரோல், கீழே இரண்டு விரல் அளவுக்குக் கலங்கலாக வேறு ஒரு திரவம். "இதுல தீக்குச்சி போட்டாலும் சரியாப் பத்தாது சார்" என்றார். துக்க வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

அந்தக் கலங்கல் வெறும் தண்ணீர் இல்லை. எத்தனால் கலக்காத அந்தக் காலப் பெட்ரோல் தண்ணீரோடு சேராது, தண்ணீர் தனியாக அடியில் கிடக்கும். எத்தனால் அப்படி இல்லை, அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் என்றால் கலவையோடு கரைந்து எரிந்து போய்விடும். ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். வண்டி அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. மேலே மிஞ்சும் பெட்ரோலுக்கும் ஒரு கேடு உண்டு. ஆக்டேனை உயர்த்தியது எத்தனால்தானே? அது கீழே போய்விட்டதால் மேலே இருப்பதன் ஆக்டேன் இறங்கிவிடும். 95 என்று காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் இதே கதைதான்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் செய்ய வேண்டியவை சில. வெள்ளம் சூழ்ந்த பங்கில் தண்ணீர் வடிந்த முதல் நாளே போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால், நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று சோதித்தீர்களா என்று கேளுங்கள். அளவுகோலில் ஒரு பசை தடவி உள்ளே விட்டு எடுத்தால் தண்ணீர் பட்ட இடம் நிறம் மாறும், பங்குகளில் இந்தச் சோதனை வழக்கமாக உண்டு. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று கூச வேண்டாம். நிறைய வண்டி வந்துபோகும் பங்காகப் பாருங்கள், அங்கே பெட்ரோல் நாள்கணக்கில் தேங்காது. டேங்க் மூடியின் ரப்பர் வளையம் இறுகியிருக்கிறதா என்று பார்த்து, மழையில் வெளியே நிறுத்தும்போது மூடி மேல் ஓர் உறை போடுங்கள். மூடியைச் சுற்றித் தேங்கும் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கும். அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கும்.

சந்தேகம் வந்தால், கார்புரேட்டர் வண்டியில் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். அடுப்பு, பீடி, சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. எஃப்ஐ வண்டியாக இருந்தால் நீங்கள் கை வைக்க வேண்டாம். ஸ்டார்ட்டரை அமுக்கிக்கொண்டே இருக்கவும் வேண்டாம், பம்பும் இன்ஜெக்டரும் கெடும். மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போய் டேங்கை முழுக்க வடிக்கச் சொல்லுங்கள்.

கலப்படம் என்று சந்தேகம் வந்தாலும் உங்களுக்கு உரிமை உண்டு. பங்கில் பில்டர் தாள் கேட்டால் தர வேண்டும். குழாய் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நல்ல பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் கறை இல்லாமல் ஆவியாகிவிடும். மண்ணெண்ணெய், டீசல் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். அளவில் சந்தேகம் என்றால் அரசு முத்திரை குத்திய 5 லிட்டர் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். அதில் 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது.

பணக் கணக்கு

மாதம் 15 லிட்டர் ஓட்டுகிறீர்கள், 95-க்கு லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 120, ஆண்டுக்கு 1,440 ரூபாய். அந்தப் பணத்தில் ஒரு 125 சிசி வண்டிக்கு இன்ஜின் ஆயில், ஏர் பில்டர், பிளக் மூன்றையும் மாற்றிவிடலாம். 91 கேட்கும் வண்டிக்கு அந்த மூன்றும் தரும் நன்மையை 95 தராது. மாறாக, கையேடு 95 கேட்டிருந்தால் இந்த 1,440 ரூபாயை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். பிஸ்டன் வேலைக்குப் பல மடங்கு ஆகும்.

வெளிநாடு போகிறவர்களுக்கு

முத்துப்பேட்டை, மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் இது அடிக்கடி நடக்கும். தம்பி சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுவான், வண்டி டேங்கில் பாதிப் பெட்ரோலோடு திண்ணையோரம் ஒன்றரை வருடம் நிற்கும். திரும்பி வந்து ஸ்டார்ட் செய்தால் பிடிக்காது. பெட்ரோலில் சீக்கிரம் பற்றும் மெல்லிய பகுதி முதலில் ஆவியாகிப் போகும். மிஞ்சியது பிசின் போல் கெட்டியாகும். எத்தனால் நம் ஊர்க் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். அதன் மேல் புதிய 95-ஐயோ 100-ஐயோ ஊற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் முயல்கிறார்கள். ஆகாது.

ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கிண்ணம் காய்ந்துவிடும். பல மாதங்கள் என்றால் டேங்கை வடித்து, உள்ளே துருப் பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் இன்ஜின் ஆயிலைச் சுழற்றிவிட்டு, மூடியை இறுக்கி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுப் போங்கள். வீட்டில் யாராவது ஓட்டுகிறவர் இருந்தால் இன்னும் நல்லது. வாரம் ஒருமுறை பெருமாள் கோயில் வரைக்கும் போய்வந்தால் போதும். திரும்பி வந்த அன்று பழையதை வடித்து, சாதாரணப் பெட்ரோல் இரண்டு லிட்டர் ஊற்றி, பிளக்கைத் துடைத்துப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.